தாலி கட்டும்போது என்ன பாட்டு? திருகோணமலைக் கல்யாணம் ஒன்றுக்கு இசை தெரிவுசெய்வது பற்றி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சிக்கு ஆவணியில் கல்யாணம். திருகோணமலை நகரத்தில் ஒரு மண்டபம், முகூர்த்தம் காலை 7.15. மாப்பிள்ளை பகுதி யாழ்ப்பாணம். அப்பாவுக்கு யாழ்ப்பாணத்து மேளம் வேண்டும், அம்மாவுக்குத் தேவாரம் வேண்டும். கனடாவில் இருந்து வரும் மச்சாள் வயலின் வாசிக்கப் போகிறார். மாப்பிள்ளையின் கூட்டாளிமார் தாலி கட்டும் நேரத்தில் ஒரு சினிமாப் பாட்டுப் போடச் சொல்கிறார்கள். எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலாகத் தந்தால் உங்களுக்கு உதவாது. சைவக் கல்யாணத்தில் பாதி நேரம் இசையை நடத்துகிறவர் ஐயர். அவர் கையைக் காட்டினால் மேளம் கொட்டும், கையை இறக்கினால் அடங்கும். அந்த இடங்களில் நாம் தெரிவு செய்ய ஒன்றும் இல்லை. மீதிப் பாதியில் சடங்கு ஓடாமல் நேரம் மட்டும் ஓடும்: மாப்பிள்ளை வந்து சேரும் நேரம், பெண் கூறை (மாப்பிள்ளை பகுதி கொடுக்கும் கல்யாணச் சேலை) மாற்றப் போகும் நேரம், அறுகரிசி (அறுகம்புல்லும் அரிசியும்) போட்டு வாழ்த்த ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரம். உங்கள் வீட்டு ஆசைகள் எல்லாவற்றையும் இந்த மூன்று இடங்களுக்குள் கொண்டுவந்தால் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தாலி கட்டும் நேரத்தை முதலில் பார்ப்போம், அங்கேதானே வில்லங்கம். அந்த நேரத்துக்குப் பாட்டே கிடையாது. கெட்டிமேளம்தான். இரண்டு தவிலும் முழுவேகத்தில் கொட்ட, நாதஸ்வரம் மேல்ஸ்தாயியில் சின்னச் சின்னப் பிடிகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தும்மல், அழுகை, யாராவது யாரையாவது ஏசுவது என்று எந்த அபசகுனச் சத்தமும் காதில் விழாமல் இருப்பதற்காக என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிய அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருப்பவர்கள், வெளியில் நின்று தொலைபேசியில் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ‘இப்போதுதான்’ என்று சொல்வது அந்தச் சத்தம். ஐநூறு பேரும் ஒரே நொடியில் எழும்பிப் பூவும் அரிசியும் போடுவது அதைக் கேட்டுத்தான். அங்கே ஒரு பதிவுசெய்த சினிமாப் பாட்டைப் போட்டால், ஒன்று அது கெட்டிமேளத்துக்குள் அமுங்கிப்போகும், அல்லது அதற்காகத் தவில்காரரை அடக்க வேண்டி வரும். தாலிக் கயிறு கையில் இருக்கும்போது தவில்காரரை அடக்கச் சொல்லும் துணிவு உங்களுக்கு இருந்தால் செய்யுங்கள், எனக்கு இல்லை.

கெட்டிமேளம் சரியாக விழ வேண்டும் என்றால் பாட்டைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: மேளகாரர் இருக்கும் இடத்தில் இருந்து ஐயரின் கை தெரிய வேண்டும். முன்பு மணவறை சிறியது, மேளம் பக்கத்தில் இருக்கும், பிரச்சினை இல்லை. இப்போது மணவறைக்கு இரண்டு பக்கமும் பூத்தூண், பின்னால் எல்.ஈ.டி. திரை, முன்னால் நாலு கமராக்காரர். மேளத்தை மண்டபத்தின் ஒரு மூலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் தாலி கட்டுவதைப் பார்ப்பதே இல்லை, சனம் எழும்புவதைப் பார்த்துக் கொட்டத் தொடங்குகிறார்கள். அதனால் மணவறைக்காரர் முதல்நாள் சோடிக்க வரும்போதே மேளம் இருக்கும் இடத்தைக் காட்டி, அந்தப் பக்கம் தூண் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு சித்தப்பாவை இடையில் நிறுத்தி, ஐயர் கை காட்டியதும் அவர் கை காட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள். குழந்தைத்தனமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும்.

கன்னிகாதானத்திலும் நாம் கை வைக்கக் கூடாது. ஐயர் இரண்டு பகுதியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லித்தான் பெண்ணைக் கொடுக்கச் சொல்வார். பூட்டனின் பெயர் சபையில் கேட்பது அந்த ஒருதரம்தான். அந்த நேரம் பின்னணியில் கீபோர்ட்டில் மெல்லிசாக ஏதாவது போகட்டும் என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மேளமும் அடங்கி இருக்கட்டும். முடிந்ததும் ஐயர் சொன்னால் கொட்டுவார்கள்.

இனி உங்களுக்குச் சொந்தமான இடங்கள். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து, தோழன் கால் கழுவி, ஆரத்தி எடுத்து, மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போவது வரைக்கும் பத்து நிமிடமாவது ஆகும். இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு மல்லாரி வாசிப்பது. கேட்பதற்கு மிடுக்காகத்தான் இருக்கும். ஆனால் மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு உரியது. கம்பீர நாட்டையில், பாட்டுச் சொல் இல்லாமல், தவிலோடு சேர்ந்து கட்டியெழுப்பும் உருப்படி அது. நம்மூர்ச் சிவன் கோணேசர் நகர்வலம் வரும்போது கேட்டதை மாப்பிள்ளை காரில் இருந்து இறங்கும்போது கேட்டால் மேளம் தெரிந்த கிழவர்களுக்கு முகம் சுருங்கும். சில மேளகாரர்களும் மனமில்லாமல்தான் வாசிப்பார்கள். அந்த மிடுக்கு வேண்டுமானால் நாட்டை ராகத்திலேயே ஒரு கீர்த்தனையை எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையாரில் தொடங்க வேண்டும் என்றால் ஹம்சத்வனியில் ‘வாதாபி கணபதிம்’ இருக்கவே இருக்கிறது. அது வாசிக்கத் தெரியாத நாதஸ்வரக்காரர் இல்லை.

மச்சாளின் வயலினுக்கும் இந்த இடந்தான் தோது, ஆனால் மாப்பிள்ளைக்கு அல்ல, பெண் தோழிமாரோடு நடந்து வரும்போது. நான் ஒன்று சொல்வேன்: நோட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) அந்தக் காலத்து ஆங்கிலேய பாண்ட் மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தின் சுரங்களில் சமஸ்கிருதச் சொல் வைத்துச் சின்னச் சின்னதாகச் செய்த பாட்டுகள் அவை. நடைக்கு ஏற்ற தாளம். கனடாவில் மேற்கத்திய முறையில் படித்த பிள்ளைக்கு ஒரே நாளில் கைவரும், நம்முடைய பெரியவர்களுக்கும் அந்நியமாகத் தெரியாது. ஒரு நிபந்தனை: வயலினையும் நாதஸ்வரத்தையும் சேர்த்து வாசிக்க வைக்காதீர்கள். சுருதி சேர்த்துவிடலாம், சத்தம் சேராது. தவில் ஒன்று மெதுவாகத் தட்டினாலே வயலின் காணாமல் போய்விடும். வயலின் முடிந்து, பெண் மணவறையில் இருந்த பிறகு மேளம் எடுக்கட்டும்.

கூறை மாற்றும் இடைவெளிதான் முழுக் கல்யாணத்திலும் இசைக்கு வாய்க்கும் நல்ல இடம். ஐயர் கூறையைத் தட்டில் வைத்துக் கொடுத்ததும் பெண் உள்ளே போவார். அரை மணித்தியாலம் என்று சொல்வார்கள், ஆனால் அலங்காரக்காரர் ஆறு யார்ச் சேலையை மடித்து, தலைப்பூவை மாற்றி, நகையை மாற்றி முடிப்பதற்குள் அதைத் தாண்டிவிடும். மாப்பிள்ளை தனியே மணவறையில் இருந்து வேர்த்துக்கொண்டிருப்பார். சபை முழுக்கச் சும்மா இருக்கும். இந்த நேரத்தைச் சினிமாப் பாட்டுக்குக் கொடுத்து வீணாக்கக் கூடாது என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்தில் இருந்து இவ்வளவு தூரம் செலவழித்து மேளம் எடுப்பதே இதற்காகத்தான். இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர தவில் கலைஞர்களால் பெயர்பெற்ற ஊர்கள். 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் கையைத் தமிழ்நாட்டுக் கலைஞர்களும் வியந்து பேசினார்கள். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த காதுகள் இன்னும் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. அந்த வழியில் வந்தவர்களைக் கூப்பிட்டுவிட்டு, திரைப்படப் பாட்டை மட்டும் வாசிக்கச் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. ஒரு ராகத்தைப் பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆலாபனை செய்து, ஒரு கீர்த்தனை வாசித்து, தவில் மட்டும் தனியாக வாசிக்கத் தனியாவர்த்தனம் விடச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்குள் என்றால் பிலஹரி, மலயமாருதம், தன்யாசி போன்றவை பொருந்தும். எந்த ராகம் என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். ‘காலை ராகமாக, உங்களுக்குப் பிடித்ததாக’ என்று சொன்னாலே போதும், அன்றைக்கு வாசிப்பு வேறாக இருக்கும். பெண் தயாரானதும் ஒருவர் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தனியாவர்த்தனத்தின் நடுவில் பெண் வாசலில் நிற்க வேண்டி வரும்.

அம்மாவின் தேவாரத்துக்கு வருகிறேன். இதில் திருகோணமலைக்காரருக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஞானசம்பந்தர் கோணேசர் மேல் பாடிய ‘நிரைகழல் அரவம்’ பதிகத்தின் முதல் பாட்டிலேயே ‘வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்’ என்று அம்மையை ஒரு பாகமாகக் கொண்ட கோலம் வருகிறது. கடைசிப் பாட்டில், இதை உரைப்பவரும் கேட்பவரும் அடையும் பலனைச் சொல்லும்போது ‘சுற்றமுமாகி’ என்றும் சொல்கிறார். கல்யாணச் சபைக்கு இதைவிட என்ன வேண்டும்? அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், புறநீர்மை. ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுவது வழக்கம், அதுவோ விடியற்கால ராகம். 7.15 முகூர்த்தத்துக்கு ஆறு, ஆறரை மணிக்குச் சடங்கு தொடங்கும்போது பாடினால் ராகமும் நேரமும் தானாகப் பொருந்திவிடும். பத்துப் பாட்டும் பாட வேண்டியதில்லை, முதலும் கடைசியும் போதும்.

தாலி கட்டியதற்குப் பிறகு, மாலை மாற்றி முடிந்ததும், ‘மண்ணில் நல்லவண்ணம் வாழலாம் வைகலும்’ பாடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதைக் கொல்லிப் பண்ணில், அதாவது நவரோசு ராகத்தில் பாடுவார்கள். கீழே பஞ்சமத்தில் இருந்து மேலே பஞ்சமம் வரை, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தொண்டையை இழுக்கும் உச்சம் கிடையாது, அதனால் உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை யாரும் பாடலாம். ஆனால் பிள்ளைக்கு நாதஸ்வரத்தின் சுருதியைக் கொடுக்காதீர்கள். கச்சேரிக்கு வரும் பாரி (நீளமான) நாதஸ்வரத்தின் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டையில் தாழ்ந்து இருக்கும், பிள்ளையின் குரல் ஐந்து கட்டைக்கு மேல். தொலைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி இருக்கிறதே, அதை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்தால் சரி. அந்த இரண்டு நிமிடமும் மேளம் ஓய்வு. கெட்டிமேளம் முடிந்த கையோடு பாட விடாதீர்கள். காது இரைந்துகொண்டிருக்கும், பிள்ளையின் குரல் யாருக்கும் கேட்காது. நடுவில் ஆனந்தபைரவியில் ஐந்து நிமிடம் நாதஸ்வரம் தனியாக, தவில் அடக்கமாகப் போனால் சபை தானாக இறங்கி வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊர்ப்பற்றில் ‘எங்கள் தலத்துத் திருப்புகழும் பாட வேண்டும்’ என்று யாராவது கிளம்புவார்கள். அருணகிரிநாதர் திருகோணமலைக்குப் பாடியிருக்கிறார், உண்மைதான். அது ‘விலைக்கு மேனியில்’ என்று தொடங்குகிறது. அவர் பல பாட்டுகளில் செய்வதுபோல, முதல் பாதி முழுக்கப் பொருளுக்கு உடம்பை விற்பவர்களைப் பற்றியும் அவர்களிடம் மயங்கிக் கிடந்ததைப் பற்றியும். மணவறைக்கு முன்னால் நின்று பாடுகிற பாட்டா அது? நாதஸ்வரத்தில் வாசித்தால் சொல் தெரியாது, ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாயால் பாடுவதென்றால் வேறு திருப்புகழ் பாருங்கள்.

கிழக்கில் நமக்கு இன்னொன்று உண்டு, குரவை. தாலி ஏறும்போது கிழவிமார் நாக்கைச் சுழற்றிக் குரவையிடும் சத்தம் இப்போது மண்டபங்களில் குறைந்துவிட்டது. மாப்பிள்ளை பகுதி யாழ்ப்பாணம் என்பதால் என்ன நினைப்பார்களோ என்று உங்கள் அப்பாச்சிமார் வெட்கப்பட்டு அடங்கி இருக்கக் கூடும். தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்தில் இருந்து வரும் பெரியம்மாமார் யாராவது இருந்தால் முன்னமே சொல்லிவையுங்கள். காசு இல்லை, ஒலிவாங்கி இல்லை, கெட்டிமேளத்தையும் கிழித்துக்கொண்டு கேட்கும்.

சினிமாப் பாட்டுக்கு இடம் அறுகரிசி நேரம். ஆட்கள் வரிசையாக வந்து அரிசி போட்டு, உறையைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போக ஒரு மணித்தியாலமாவது எடுக்கும். அங்கே மேளகாரர் நாலு சினிமாப் பாட்டு வாசிக்கட்டும், அல்லது கூட்டாளிமார் கீபோர்ட் வைத்துக்கொள்ளட்டும். நாதஸ்வரத்தில் என்றால் ராகத்தில் நிற்கும் மெட்டுகளைத் தெரிவுசெய்யுங்கள். கல்யாணி, மோகனம், ஆபேரி போன்றவற்றில் அமைந்த பழைய பாட்டுகள் குழலில் நன்றாக இறங்கும். தாளமும் கிட்டாரும் தூக்கி நிறுத்தும் பாட்டை நாதஸ்வரத்தில் வாசித்தால் எலும்பு மட்டும்தான் கேட்கும். அப்புறம், சொல்லைப் பாருங்கள். மெட்டு இனிமையாக இருக்கிறது என்று கேட்கிற பாட்டுகளில் அரைவாசி படத்தில் காதலி செத்த பிறகோ, கல்யாணம் நின்ற பிறகோ வருபவை. சபையில் எல்லோரும் படம் பார்த்தவர்கள்தான்.

ராகத்திலும் சிலதை ஒதுக்குவார்கள். முகாரி அழுகை ராகம் என்று பெயர் எடுத்துவிட்டது, சுபபந்துவராளியும் அப்படி. ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. முகாரியில் உற்சாகமான கீர்த்தனைகளும் இருக்கின்றன என்று வாதாடலாம், எனக்கும் அந்த ராகம் மிகவும் பிடிக்கும். ஆனால் கல்யாண வீட்டில் வாதாட வேண்டாம். நல்ல மேளகாரர் கேட்டாலும் வாசிக்கமாட்டார்.

இப்போது அவசரமான விஷயம். ஆவணி என்கிறீர்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள், ஆடி அமாவாசைக்குப் பிறகு தொடங்கி ஆவணிக்குள் போகும். யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற மேளங்கள் அந்த நாள்களில் அங்கேதான் நிற்கும். வெருகல் முருகன் கோயில் திருவிழாவும் அந்தப் பருவத்தில்தான், அதனால் நம்முடைய பக்கத்து மேளகாரரும் ஓய்வாக இருக்கமாட்டார்கள். நல்லூர் முடிந்ததும் மிஞ்சிய ஆவணி முகூர்த்தங்களுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். முகூர்த்த நாள் குறித்த அன்றைக்கே மேளத்துக்கு முற்பணம் கொடுத்துவிடுங்கள், மண்டபத்துக்குக்கூடப் பிறகு கொடுக்கலாம். யாழ்ப்பாண மேளம் என்றால் விடிய ஆறு மணிக்கு வாசிக்க முதல்நாள் இரவே வந்து தங்க வேண்டும். வவுனியா வழியாக இரவிரவாக வானில் வந்து இறங்கியவரிடம் பிலஹரி கேட்பது பாவம். தங்கும் இடம், இரவுச் சாப்பாடு, காலையில் வாசிக்கும் முன் ஒரு தேநீர், இவை உங்கள் பொறுப்பு. இது ஒத்துவராவிட்டால் நம்மூர்க் கோயில் மேளத்தை எடுங்கள். கோணேசர் கோயிலிலும் பத்திரகாளி அம்மன் கோயிலிலும் திருவிழாக் காலத்தில் யார் வாசிக்கிறார்கள் என்று நின்று கேட்டாலே யாரைக் கூப்பிடலாம் என்று விளங்கிவிடும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், யாழ்ப்பாண ஆசை கொஞ்சம் இறங்கக்கூடும்.

சத்தம் பற்றி. நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கு என்றே பிறந்தவை. குளிரூட்டிய மண்டபத்தில், கண்ணாடிச் சுவருக்குள், அவற்றுக்கு ஒலிவாங்கி வைப்பது காதுக்குச் செய்கிற கொடுமை. தவிலுக்கு ஒலிவாங்கியே வேண்டாம். நாதஸ்வரத்துக்கு ஒன்று வைத்தாலும் தள்ளி வையுங்கள். ஒலிபெருக்கிக்காரரின் வேலை ஐயரின் குரலும் தேவாரமும் வயலினும் கேட்கச் செய்வதுதான். வெளியில் ஒலிபெருக்கி கட்டுவதென்றால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும், இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை போடவும் முடியாது. ஐந்து மணிக்கே வாசலில் மங்கல இசை போட நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள்.

கனடாவுக்கும் லண்டனுக்கும் நேரலை போகும் என்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது. பதிவுசெய்த சினிமாப் பாட்டு மண்டபத்தில் ஒலித்தால், யூடியூப்பும் பேஸ்புக்கும் உரிமைப் பிரச்சினை என்று அந்த இடத்தில் ஒலியை அடைத்துவிடக் கூடும். தாலி கட்டும்போது போட்டால், ரொறன்ரோவில் விழித்திருந்து பார்க்கும் பெரியப்பா ஊமைப்படம்தான் பார்ப்பார். மாப்பிள்ளையின் கூட்டாளிமாரிடம் சம்பிரதாயம் கதைத்து எடுபடாவிட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள். அதோடு வீடியோக்காரரிடம் இரண்டு சொல்ல வேண்டும். ஒலிக்கலவைப் பெட்டியில் இருந்து நேராக ஒரு இணைப்பு எடுத்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள், கமராவில் உள்ள ஒலிவாங்கி கெட்டிமேளத்தில் வெடித்துவிடும். பிறகு அல்பம் வீடியோ வெட்டும்போது மேளத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டு ஒட்ட வேண்டாம் என்று முற்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மேளத்துக்குக் கொடுத்த காசு ஒரு காலைக்கு மட்டும்தான்.

கடைசியாக, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு மேளத் தலைவரோடு ஒருமுறை கதையுங்கள். கொப்பித்தாளில் அரைப்பக்கம் போதும்: பெண் வரும்போது வயலின், கன்னிகாதானத்தில் மௌனம், கூறை இடைவெளி முழுக்க அவர்களுடையது, தாலிக்குப் பிறகு ஆனந்தபைரவி, அதன்பின் தேவாரம், அறுகரிசிக்கு நாலு பாட்டு, மங்களத்துக்கு மத்தியமாவதி. இரண்டு பிரதி எடுத்து மற்றதை ஐயரிடம் கொடுங்கள். ஐயருக்கும் மேளத்துக்கும் முன்பின் பழக்கம் இல்லை என்றால், முகூர்த்தத்துக்கு முதல் அவர்கள் இருவரையும் ஒரு தேநீருக்காவது சேர்த்து இருத்திவிடுங்கள்.